வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர்

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் ஓட்டுப் போட்டுவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தேர்தலிலும் யாரோ சிலர் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே போனதும் "உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்க" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். "அட்டை கொடுத்ததே கவர்மென்ட்தானே, அப்புறம் எப்படிப் பேரு இல்லாமப் போகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லப் புகுந்தால் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு முன்னால் போக வேண்டும். கடல் தாண்டி இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கும் போய்வர வேண்டும். அவசரமில்லை. டீயை ஊற்றிக்கொண்டு நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவுதான் நம் வாக்குரிமையின் அடித்தளம். 18 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும், சட்டப்படியான தகுதிக்குறைவு எதுவும் இல்லாதவரை, வாக்காளராகப் பதிவு செய்யப்படும் உரிமை உண்டு என்கிறது அது. முதலில் 21 ஆக இருந்த வயதை 61ஆவது திருத்தம் 18 ஆக்கியது. 1989இல் அது நடைமுறைக்கு வந்தது. 325ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம் காரணமாக யாரையும் பட்டியலிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. வெள்ளையர் காலத்தில் முஸ்லிம்களுக்கு ஒரு பட்டியல், மற்றவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருந்த முறைக்கு அந்த ஒரு பிரிவு முற்றுப்புள்ளி வைத்தது.

இதற்குப் பிறகு வருவது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன் 62ஆவது பிரிவு, ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் அந்தத் தொகுதியில் வாக்களிக்கலாம் என்கிறது. ஆக, அரசியல் சட்டம் தரும் உரிமைக்கும் வாக்கு இயந்திரத்தின் பொத்தானுக்கும் நடுவில் ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. அதுதான் வாக்காளர் பட்டியல். அடையாள அட்டை வங்கிப் பாஸ்புக் மாதிரி. பாஸ்புக் பத்திரமாகப் பீரோவில் இருக்கலாம். பணம் இருக்கிறதா இல்லையா என்பதை வங்கியில் உள்ள கணக்குதான் சொல்லும். அட்டை தொலைந்தாலும் தேர்தல் ஆணையம் அனுமதிக்கும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த ஆவணமும் உதவாது.

இந்த இடத்தில் தேர்தல் நேரத்து வாட்ஸ்அப் செய்தி ஒன்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "பட்டியலில் பெயர் இல்லையா? கவலை வேண்டாம். ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள்" என்று ஒரு தகவல் சுற்றிவரும். அது பொய். அப்படி ஒரு வழி சட்டத்தில் இல்லை. வாக்களிக்க வந்தவர் உண்மையிலேயே அவர்தானா என்று சந்தேகப்படும் வேட்பாளரின் முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்பலாம். அதற்குத்தான் சேலஞ்ச் என்று பெயர். பலருக்கும் தெரிந்த '49 பி' வேறு. உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால், உங்களுக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவதற்கான விதி அது. இந்த இரண்டுமே பட்டியலில் பெயர் இருப்பவர்கள் சம்பந்தப்பட்டவை.

"சரி, கோர்ட்டுக்குப் போனால்?" என்று கேட்கலாம். இதற்கான பதில் நம் நாமக்கல்லிலிருந்து கிளம்பிய வழக்கு ஒன்றில் இருக்கிறது. முதல் பொதுத்தேர்தலின்போது நாமக்கல் தொகுதியில் போட்டியிட மனு கொடுத்த பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. தேர்தல் தொடங்கிவிட்டால் அது முடியும்வரை நீதிமன்றம் குறுக்கே வராது. குறை இருந்தால் பிறகு தேர்தல் வழக்கு போடலாம். அடுத்து, வாக்களிக்கும் உரிமையும் போட்டியிடும் உரிமையும் சட்டமன்றங்கள் இயற்றும் சட்டத்தால் வருபவை. 326ஆவது பிரிவு இருக்கும்போது வாக்குரிமை வெறும் சட்ட உரிமை ஆகுமா என்று பின்னாளில் நீதிபதிகளே விவாதித்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறை மாறவில்லை. வாக்குப்பதிவு நாளன்று பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அன்றைய தினம் பரிகாரம் கிடையாது. பரிகாரமெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஒருவர் பெயரைப் பட்டியலில் சேர்ப்பது யாருடைய வேலை? அரசு வந்து கேட்டு எழுத வேண்டுமா, அல்லது மக்கள்தான் போய்த் தங்கள் தகுதியை நிரூபிக்க வேண்டுமா? வாக்குரிமை பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியமானது என்பது என் கருத்து. இதை விளக்க, ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

முதல் கதை இந்தியாவுடையது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றை வைத்துத்தான் ஓட்டு. வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது. 1947இல் விடுதலை வந்தபோது, எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாகியிருந்தது. ஆனால் "எல்லோரும்" என்பது யார் யார்? அந்தப் பெயர்கள் எங்கே? பெரும்பாலான மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காடுதான். பிரிவினையால் லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்து முகாம்களில் கிடந்தார்கள்.

அரசியல் நிர்ணய சபையின் செயலகம் அரசியல் சட்டம் எழுதி முடியும்வரை காத்திருக்கவில்லை. 1948 மார்ச்சிலேயே வரைவுப் பட்டியலைத் தயாரிக்கும்படி மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் கடிதம் அனுப்பியது. குடியுரிமை யாருக்கு என்ற விதிகள் முடிவாகுமுன்பே, வீடு வீடாகப் போய் 21 வயது நிரம்பியவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். சில மாதங்களில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு இடத்தில் குறைந்தது 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நேற்று ரயிலில் வந்து இறங்கிய அகதி அதை எப்படிக் காட்டுவார்? அகதிகளிடமிருந்து மனுக்கள் வந்தன. செயலகம் படித்தது, பதில் எழுதியது, விதியைத் தளர்த்தியது. இந்த ஊரிலேயே நிரந்தரமாக வசிக்க எண்ணியிருக்கிறேன் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போனது. சுதந்திர இந்தியா நிர்வாகத்தில் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் காகிதம் கேட்காமல் அவர்கள் வார்த்தையை ஏற்றுக்கொண்டது அந்த நிர்வாகம்.

முதல் தேர்தலுக்கான பட்டியலில் ஏறத்தாழ 17.3 கோடிப் பெயர்கள் இருந்தன. அந்தப் பட்டியலிலும் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் பல பெண்கள் அந்நிய ஆணிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். எழுத வந்தவர் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்றார். திருத்திக்கொள்ளக் கூடுதல் அவகாசமும் கொடுத்தார். அப்படியும் சொந்தப் பெயர் கிடைக்காமல் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்த முடிவு கடுமையானது. ஆனாலும் ஒரு பெண் தன் பெயராலேயே குடிமகளாக நிற்க வேண்டும் என்ற கொள்கையில் அவர் உறுதியாக நின்றார். பின்னால் வந்த தேர்தல்களில் அந்தப் பெண்கள் தங்கள் பெயரோடு பட்டியலுக்குள் வந்துசேர்ந்தார்கள்.

இரண்டாவது கதை இலங்கையுடையது. வயது வந்தோர் வாக்குரிமை அங்கே இந்தியாவுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1931இல் வந்துவிட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாண்டியும் பெரும் எண்ணிக்கையில் அவர்கள் பட்டியலில் ஏறினார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா தொகுதியில் வென்றது அந்தத் தேர்தலில்தான்.

அடுத்த ஆண்டு, 1948இல், சுதந்திர இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பரம்பரை வழியில் குடிமகனாவதற்கு, தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தான் அங்கேயே பிறந்தது மட்டும் போதாது. லயன் அறையில் பிறந்து வளர்ந்த ஒரு கொழுந்து பறிக்கும் தொழிலாளி, தன் தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு காகிதமே இல்லை. 1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி வைத்தது. திருமணமானவர்கள் 7 ஆண்டு, மற்றவர்கள் 10 ஆண்டு இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும். மற்றொன்று, தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்கள் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இருக்கலாம் என்றாக்கியது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. காலப்போக்கில் குடியுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான்.

1952 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. குடியுரிமைக்கு என்ன தகுதி என்று நிர்ணயிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை, இது ஒரு சமூகத்தை ஒதுக்கும் சட்டமாகாது என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லைதான். அது கேட்ட காகிதங்கள் எந்தச் சமூகத்திடம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடியுரிமைச் சட்டங்களில் தமிழ்க் காங்கிரஸ் கட்சி எடுத்த நிலையை ஏற்க முடியாமல் அதிலிருந்து பிரிந்த தமிழ்த் தலைவர் செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகையை வைத்துப் பிரித்தார்கள். ஓட்டில்லாத தோட்டத் தொழிலாளர்களும் அந்தத் தலைக்கணக்கில் இருந்தார்கள். அதனால் மலையகத்துக்கு இடங்கள் குறையவில்லை. அந்த இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மட்டும் பக்கத்தில் இருந்த மற்ற வாக்காளர்களுக்குப் போனது. எண்ணிக்கைக்கு மட்டும் வேண்டியவர்களாகத் தோட்டத்து மக்கள் ஆனார்கள். ஓட்டில்லாத ஜனங்களின் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எந்தக் கட்சி கவலைப்படும்?

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகவே பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்தன. தொண்டமான் மறுபடியும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது 1977இல்தான். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு இலங்கை 2003இல்தான் ஒரு சட்டத்தால் முடிவு கட்டியது. பட்டியலிலிருந்து பெயர்களை நீக்க இரண்டு சட்டங்களும் சில மாதங்களும் போதுமாயிருந்தன. திரும்பச் சேர்க்க அரை நூற்றாண்டு பிடித்தது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாடு, பெயர் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தானே சுமந்தது. சந்தேகம் வந்தால் மக்கள் பக்கம் சாய்ந்தது. இன்னொரு நாடு, நிரூபிக்கும் பொறுப்பைத் தன்னிடம் இருந்தவர்களிலேயே மிக ஏழையான மக்களின் தலையில் ஏற்றியது. இரண்டு நாடுகளிலும் "வயது வந்தோர் வாக்குரிமை" என்ற கொள்கை இருந்தது. பலன் முற்றிலும் வேறாக இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதைதான். கறுப்பின மக்களுக்கு 1870இலேயே அரசியல் சட்டத்தில் வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று தடைகள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பதிவு அலுவலகத்தின் கதவு அவர்களுக்கு உண்மையாகத் திறந்தது.

இனி, இன்றைய நம் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடிப்படை விதி எளிது. நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே வாக்காளர் ஆகிவிட முடியாது. அதேபோல், வேலைக்காகச் சில காலம் வெளியூர் போயிருப்பதால் மட்டும் பெயர் போய்விடவும் கூடாது. வாடகை வீட்டுக்காரருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் சட்டத்தின் முன் வித்தியாசம் கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி அங்கேயோ தன் பெற்றோர் வீட்டிலோ, ஏதாவது ஒரு இடத்தில், பதிவு செய்துகொள்ளலாம்.

வீடே இல்லாதவர்? அவருக்கும் ஓட்டு உண்டு. நடைபாதையில் தூங்குபவர் விண்ணப்பம் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது நாம் பி.எல்.ஓ. என்று சொல்பவர், அந்த இடத்துக்கு இரவில் போய் அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது. 1948இல் அகதிகள் விஷயத்தில் காட்டிய அதே மனசு இந்த விதியில் இருக்கிறது.

விதி நல்லதாக இருந்தும் பெயர் விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று பார்த்தால் பெரும்பாலும் இடம் மாறுகிறவர்கள். கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டில் நீக்கப்படும்; புகுந்த வீட்டில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் கதையும் அதுதான். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வு இடங்களுக்கு மாற்றப்பட்டவர்களும் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரரின் பெயர் அங்கே ஊரில் இருக்கும். தேர்தலன்று இரண்டு நாள் ரயில் பயணம் போனால்தான் ஓட்டு. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் படிவம் 6ஏ கொடுத்துப் பதிவு செய்யலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். வேலை தேடி நகர்வது இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் வாழ்க்கையாகிவிட்டது. நம் பட்டியலோ இன்னும் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் மனிதரை மனத்தில் வைத்தே நடக்கிறது. வெளியூரில் இருந்தபடி வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்டப்போவதாக அறிவித்தது. கட்சிகளிடையே உடன்பாடு ஏற்படாததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்தது நீக்கம். இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் ஆகியோரின் பதிவுகளை நீக்கத்தான் வேண்டும். பட்டியலில் ஒரு செத்தவர் பெயர் இருந்தால், அது ஒரு கள்ள ஓட்டுக்கு இடம் தருகிறது. உயிரோடு இருக்கும் நேர்மையான வாக்காளரின் ஓட்டை அது மதிப்பிழக்கச் செய்கிறது. ஆகவே பட்டியலைச் சுத்தம் செய்வதை நான் எதிர்க்கவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவரை, அவருக்கு அறிவிப்பு கொடுக்காமலும் அவர் பக்கத்தைக் கேட்காமலும் நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பே பட்டியலில் பெயர் இருந்தது என்ற உண்மைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2025இல் பீகாரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தை இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜூனில் 7.89 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். கணக்கெடுப்புப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால்தான் வரைவுப் பட்டியலில் பெயர் வரும் என்று வைத்தார்கள். 2003 பட்டியலில் இல்லாதவர்கள் ஆவணம் காட்ட வேண்டும். பிறந்த ஆண்டைப் பொறுத்துச் சிலர் பெற்றோருக்கும் ஆவணம் காட்ட வேண்டும். ஆகஸ்ட் 1 அன்று வந்த வரைவில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது கண்டுபிடிக்க முடியாதவர்கள், இரட்டைப் பதிவு உள்ளவர்கள் என்று ஆணையம் சொன்னது. யார் யார், என்ன காரணம் என்ற விவரத்தை வெளியிடும்படி ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு ஆதாரையும் ஏற்கச் சொன்னது. செப்டம்பர் 30 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 7.42 கோடிப் பேர் இருந்தார்கள். 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் இந்தத் திருத்தம் தொடங்கியது.

இதை 1949 இலங்கையோடு ஒன்றாக்கிப் பேச நான் தயாரில்லை. இங்கே ஆட்சேபம் சொல்ல வழி இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது, நீதிமன்றம் தலையிட்டிருக்கிறது. ஆனாலும் பொறுப்பு மெல்ல மெல்ல யார் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1948இல் அரசு மக்களைத் தேடிப் போனது. இப்போது ஏற்கெனவே வாக்காளராக இருப்பவரும் படிவம் கொடுத்தால்தான் நீடிக்கிறார். கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போயிருக்கும் குடும்பம் படிவம் கொடுக்க வேண்டிய அந்த ஒரு மாதத்தில் வீட்டில் இல்லாவிட்டால், அது பெயர் இழக்கும் குடும்பமாகிவிடுகிறது. ஒரு பெயர் தவறாக இருந்தால் வரும் கெடுதலும், ஒரு பெயர் தவறாக நீக்கப்பட்டால் வரும் கெடுதலும் சமமல்ல. முதலாவதைப் பிடிக்க வாக்குச்சாவடியில் முகவர்கள் இருக்கிறார்கள், மை இருக்கிறது, சட்டத்தில் தண்டனை இருக்கிறது. இரண்டாவதற்கு வாக்குப்பதிவு நாளன்று எந்த மருந்தும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். ஆகவே சந்தேகம் வரும் இடத்தில் பட்டியல் வாக்காளர் பக்கம் சாய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அரசின் பொறுப்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு நம் பொறுப்பையும் சொல்ல வேண்டும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. ஒரு பெயரை நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. திருத்தம், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்குப் படிவம் 8. 18 வயது கணக்கிடும் நாள் முன்பு ஜனவரி 1 மட்டும்தான். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். வேட்புமனு தாக்கல் முடியும் நாளோடு பட்டியலின் கதவு மூடிவிடும்; விண்ணப்பத்தை அதற்குப் பல நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடமும், அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் முறையிடலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

வரைவுப் பட்டியல் வாக்குச்சாவடியில் ஒட்டப்படும்போது போய்ப் பாருங்கள். உங்கள் பெயரைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். தெருவிலேயே நீண்ட நாளாக இருக்கும் பாட்டியின் பெயர் இருக்கிறதா, மேல்மாடிக்குக் குடிவந்த குடும்பத்தின் பெயர் ஏறியிருக்கிறதா, அண்மையில் திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் வந்திருக்கிறதா, திருநங்கை ஒருவரின் பெயரும் பாலினமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தொகுதி வாக்காளர் எவரும் ஒரு பெயர்மீது படிவம் 7 கொடுக்கலாம் என்பதால், நீக்கக் கேட்டு வந்திருக்கும் பெயர்களின் பட்டியலையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பவருக்கும் இதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை.

இந்தப் பட்டியலுக்கு நம் நாட்டில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. அரசியல் சட்டத்தின் 243ஆவது பிரிவு, ஒரு கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை என்கிறது. அதாவது உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒரு சபையின் உறுப்பினர். யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு, தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அந்தச் சபை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேட்கலாம். வீடு கட்டும் திட்டத்தில் யார் பெயர் வந்தது, ஏன் வந்தது என்று கேட்கலாம். குடிநீர்த் தொட்டி எங்கே வர வேண்டும் என்று தீர்மானம் போடலாம்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பொத்தானை அழுத்துவதோடு அரசியல் பங்கேற்பு முடிந்துவிடுகிறது என்ற நினைப்பு அதனால்தான் தவறானது. பெயர் சேர்ப்பதில் அது தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதில் வளர்கிறது. கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்பதில் பலன் தருகிறது. மலையகத்து மக்கள் தங்கள் பெயர்களை மீட்க அரை நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. நமக்குப் போராட்டம் எதுவும் தேவைப்படாத காலத்திலேயே, வரைவுப் பட்டியல் ஒட்டப்படும் அந்தச் சில வாரங்களில், இந்த வேலையைச் செய்துவிட முடியும். அதைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.